குருத் துரோகமும் கமிஷன் கணக்கும்

கேள்வி: பிரேசிலின் எம்எம்ஏ (பல தற்காப்புக் கலைகளைக் கலந்த சண்டை) வீரர் முரிலோ புஸ்தமாந்தேயை மாபெரும் பயிற்சியாளர் என்று கொண்டாடுகிறார்கள். ஆளாக்கிய குருவை விட்டுப் பிரிந்தவர். உலகப் பட்டத்தையும் பணத்துக்காக உதறியவர். இப்படிப்பட்ட துரோகியை இளைஞர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: இளைஞர்களுக்கு முன்மாதிரி தேடித் தரும் பொறுப்பை இந்தப் பக்கம் ஒருநாளும் ஏற்றதில்லை. ஆனால் 'துரோகி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போக மனம் வரவில்லை. ரியோ டி ஜெனீரோவில், எதிராளியைத் தரையில் மடக்கிப் பிடிக்கும் ஜியு-ஜிட்சுக் கலையின் பயிற்சிக் கூடங்களில் இதற்கென்றே ஒரு வசவு உண்டு: 'கிரெயோன்டே'. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கட்சி மாறிக்கொண்டே இருந்த ஒரு பாத்திரத்தின் பெயரை எடுத்து, கூடம் மாறும் சீடர்களுக்குச் சூட்டியவர் கார்ல்சன் கிரேசி என்பார்கள். நீங்கள் குறிப்பிடும் குரு அவர்தான்.

பெயர் புதிது, குற்றச்சாட்டு பழையது. கார்ல்சனின் சித்தப்பா எலியோ கிரேசியின் கூடத்தில் வேலை செய்துகொண்டே கலை பயின்றவர் வால்டெமார் சந்தானா. இருவருக்கும் மனக்கசப்பு முற்றி, 1955இல் குருவும் சீடனும் நேருக்கு நேர் மோதினார்கள். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்தச் சண்டையில் வென்றவர் சீடன். குடும்பத்தின் மானத்தை மீட்கச் சந்தானாவோடு மோதிப் பெயர் பெற்ற இளைஞர்தான் கார்ல்சன். அவரும் பின்னாளில் குடும்பக் கூடத்திலிருந்து விலகி, ரியோவின் கோபகபானா பகுதியில் தனிக் கூடம் நடத்தினார். அவர் விலகியதற்குப் பெயர் சுதந்திரம். அவரிடமிருந்து விலகினால் அதற்குப் பெயர் துரோகம். விசுவாசத்தை அளக்கும் தராசு எப்போதும் மேலே இருப்பவர் கையிலேயே இருக்கிறது என்பதை இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதி உங்களைச் சலிப்படையச் செய்திருக்கிறேன். இன்னொரு முறையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000ஆம் ஆண்டில் புஸ்தமாந்தே, மாரியோ ஸ்பெரி, ரிகார்டோ லிபோரியோ உள்ளிட்ட மூத்த சீடர்கள் கார்ல்சனை விட்டுப் பிரிந்து 'பிரேசிலியன் டாப் டீம்' என்ற அணியை ரியோவில் தொடங்கினார்கள். ஆசான் அதற்கு முன்பே அமெரிக்காவில் குடியேறியிருந்தார். சண்டைக்குக் கிடைக்கும் பணத்தில் குருவுக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறே பிரிவுக்குக் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. துரோணர் கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் ஒரே ஒரு முறை. ஒவ்வொரு போட்டிக்கும் இத்தனை சதவீதம் என்று கேட்டிருந்தால் ஏகலைவனும் வனத்திலேயே ஓர் அணி தொடங்கி, வாயிலில் பெயர்ப்பலகை மாட்டி, மாதக் கட்டணத்துக்குப் பிள்ளைகளைச் சேர்த்திருப்பான்; அர்ச்சுனன்கூட இரகசியமாக வந்து விசாரித்துவிட்டுப் போயிருப்பான். என் கூடவே இருந்து, விலகித் தனி இதழ் தொடங்கிய நண்பர் ஒருவர் உண்டு. அவருடைய உதவி ஆசிரியர்கள் அவரை விட்டுப் போனபோது, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றியே இல்லை" என்று என்னிடமே தொலைபேசியில் புலம்பினார். நான் பதில் சொல்லவில்லை. சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

குருவுக்காக புஸ்தமாந்தே என்ன செய்தார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1991இல் ஜியு-ஜிட்சுக்காரர்களுக்கும் 'லூட்டா லிவ்ரே' மல்யுத்தக்காரர்களுக்கும் ரியோவில் நடந்து, தொலைக்காட்சியிலும் காட்டப்பட்ட மோதலில் தம் தரப்புக்காக இறங்கி வென்றார். 1996இல் அலபாமாவில், தம்மைவிட மிகவும் கனத்த டாம் எரிக்சனுடன் நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்துச் சமன் செய்தார். கடன் என்று ஒன்று இருந்திருந்தால், வட்டியோடு அடைத்துவிட்டார் என்பது என் தீர்ப்பு.

அடுத்து, பட்டத்தை உதறிய கதை. 2002 ஜனவரியில் டேவ் மென்னேயை வீழ்த்தி, எம்எம்ஏ போட்டிகள் நடத்தும் அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சியின் மிடில்வெயிட் பட்டத்தை வென்றவர், அதே ஆண்டு மே மாதம் லூசியானாவின் பாசியர் சிட்டியில் அதைக் காத்துக்கொள்ள இறங்கினார். எதிரே மேட் லிண்ட்லண்ட். இந்த லிண்ட்லண்ட், 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் தோற்று, முறையிட்டு, மறுபோட்டி பெற்று, அதில் 8-0 என்று வென்று, அப்படியும் இடம் தர மறுத்த மல்யுத்தச் சங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுத்துச் சென்று, இடத்தை வாங்கிக்கொண்டு சிட்னிக்குப் போய் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியவர். தீர்ப்பு என்பது முதல் பேச்சுத்தானே தவிர முடிவான பேச்சு அல்ல என்று அனுபவத்தில் கண்டவர். முதல் சுற்றிலேயே புஸ்தமாந்தே அவருடைய கையை, முழங்கையை எதிர்ப்புறமாக வளைக்கும் ஆர்ம்பார் பிடியில் மாட்ட, லிண்ட்லண்ட் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினார். நடுவர் ஜான் மெக்கார்த்தி குறுக்கிட்டு நிறுத்தினார். புஸ்தமாந்தே பிடியை விட்டார். உடனே லிண்ட்லண்ட், தாம் தட்டவே இல்லை என்றார். நடுவருக்கு ஐயம் வந்துவிட்டது. சண்டையை மீண்டும் தொடங்கச் சொன்னார். வென்று முடித்த சண்டையை மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் மேடையிலேயே உட்கார்ந்து போராட்டம் தொடங்கியிருப்போம். அவரோ மூன்றாம் சுற்றில் கழுத்தைக் கில்லட்டின் பிடியில் வளைத்து, அதே ஆளை இரண்டாம் முறையாகத் தட்டவைத்தார்.

அதற்குப் பிறகு புதிய ஒப்பந்தம் படியவில்லை. கூடுதலாகப் பணம் கொடுத்த ஜப்பானின் 'பிரைடு' நிறுவனத்துக்குப் போனார். யுஎஃப்சி அன்று நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய சண்டைக்காரருக்கு உழைக்க மிச்சமிருக்கும் ஆண்டுகளும் சொற்பம். அவர் விட்டுச்சென்ற பட்டத்துக்கு 2005 பிப்ரவரி வரை உரியவர் கிடைக்கவில்லை என்பதிலிருந்து யாருக்கு யார் அதிகம் தேவைப்பட்டார்கள் என்று நீங்களே கணக்கிடலாம். ஜப்பானில் எல்லாம் இனிக்கவில்லை. 2003இல் குவின்டன் ஜாக்சனிடம் பிளவுபட்ட தீர்ப்பில் (மூன்று நடுவர்களில் ஒருவர் மட்டும் அவர் பக்கம்) தோற்றார். அதே ஆண்டு டான் ஹெண்டர்சன் ஒரு நிமிடத்துக்குள் அவரை வீழ்த்தினார். ஆயினும் 2005இன் கடைசி நாளில், 39 வயதில், ஒரு தொடரின் இறுதிப் போட்டி வரை வந்து, அதே ஹெண்டர்சனிடம் மீண்டும் பிளவுபட்ட தீர்ப்பில்தான் பட்டத்தை இழந்தார்.

பயிற்சியாளராக அவருடைய கணக்கு இன்னும் சுவையானது. அந்தோனியோ ரொட்ரிகோ நொகெய்ரா பிரைடின் ஹெவிவெயிட் வாகையராக ஆனதும், ரிகார்டோ அரோனா, பாவ்லோ ஃபில்யோ போன்றோர் வளர்ந்ததும் பிரேசிலியன் டாப் டீமில்தான். அந்த அணியையும் விட்டு ஆட்கள் போனார்கள். லிபோரியோ ஃபுளோரிடாவுக்குச் சென்று 'அமெரிக்கன் டாப் டீம்' உருவாக்கத்தில் பங்கெடுத்தார். ஸ்பெரியும் நொகெய்ரா சகோதரர்களும் பின்னால் விலகினார்கள். புஸ்தமாந்தே ரியோவில் பாய் விரித்துக் கற்பித்துக்கொண்டே இருந்தார்.

பல ஆண்டுகள் அவரிடம் பயின்றவர்களில் ரூசிமார் பல்யாரெஸும் ஒருவர். எதிராளியின் குதிகாலைப் பிடித்து முழங்காலை முறிக்கும் வித்தையில் அவருக்கு நிகரானவர் மிகக் குறைவு. 2013 அக்டோபரில் மைக் பியர்ஸ் தட்டிய பிறகும் பிடியை விடாமல் முறுக்கினார் என்று யுஎஃப்சி அவரை வெளியேற்றியது. தட்டியதும் பிடியை விட்டதற்காக ஆசான் பாசியர் சிட்டியில் மேலும் இரண்டு சுற்று உழைக்க நேர்ந்ததைப் பார்த்து, சீடர் தவறான பாடத்தைப் படித்துக்கொண்டார் போலும்.