பழைய டீசல் காருக்கு 48,000 ரூபாய் செலவு செய்யலாமா?

கேள்வி: உச்சிப்புளியில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். என்னிடம் இருப்பது 2013 மாடல் டிசையர் டீசல். வாரம் இரண்டு தடவை டிக்கியிலும் பின்சீட்டிலும் மூட்டை ஏற்றி மதுரைக்குப் போவேன். இப்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, பள்ளத்தில் இறங்கினால் டங்கென்று அடிக்கிறது. பின் சஸ்பென்ஷனைப் பழையபடி சரிசெய்ய 22,000 ரூபாய், கனமான ஸ்பிரிங்கும் கேஸ் ஷாக் அப்சார்பரும் போட்டால் 48,000 ரூபாய் என்கிறார் மெக்கானிக். நகையை அடகு வைத்துச் செய்யலாமா? இல்லை, 7 லட்சம் கடன் வாங்கிப் புது கார் எடுக்கலாமா?

பதில்: 22,000 ரூபாய் வேலையைச் செய்யுங்கள். 48,000 வேண்டாம், புது காரும் இப்போது வேண்டாம். 7 லட்சத்தை 9.5% வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 14,700 ரூபாய், வட்டி மட்டும் 1.8 லட்சம். அதில் ஒன்றரை மாதத் தவணைதான் இந்த ரிப்பேர் செலவு.

ஆனால் பணம் கொடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களே அடியில் பாருங்கள். உங்கள் பக்கத்து உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஸ்பிரிங் உட்காரும் இடத்தையும், ஆக்ஸில் பாடியோடு சேரும் இடத்தையும் ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தகடு உதிர்ந்தால் ஷாக் அப்சார்பர் மாற்றிப் பயனில்லை. வெல்டிங் செலவு எவ்வளவு என்று தெரியும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதும் வண்டியைச் சோதித்துத்தான் தருவார்கள்.

தகடு நன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப் (பள்ளத்தில் இறங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்), ஸ்பிரிங் ரப்பர், ஆக்ஸில் புஷ் (ஆக்ஸில் பாடியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்) எல்லாம் மாற வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் ஜோடியாகவே மாற்றுங்கள். புஷ் மாற்றுவது கஷ்டமான வேலை என்று சிலர் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் சத்தம் போகாது. எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள்.

கனமான ஸ்பிரிங் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். பிரேக், டயர், வீல் பேரிங் எல்லாம் அதே பழைய அளவு. அதைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். சொந்த உபயோகக் காருக்கான பாலிசி, வியாபாரச் சரக்கு ஏற்றிப் போவதற்குப் பொருந்தாது. சாம்பிளும் சொந்தப் பெட்டி படுக்கையும் மட்டும்தான் விதிவிலக்கு. மூட்டையோடு போகும்போது விபத்து நடந்தால் கிளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். அந்த ஆபத்தை இன்னும் பெரிதாக்கக் கூடுதலாக 26,000 ரூபாயா? ஸ்பிரிங் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் காரில் மூட்டை ஏற்றுவதை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

நகையைப் பொறுத்தவரை, கையில் பணம் இல்லையென்றால் வங்கியிலேயே வையுங்கள். 22,000 ரூபாய்க்கு 10% என்றால் மாத வட்டி 185 ரூபாய்க்குள் வரும். வியாபாரப் பணத்திலிருந்து சீக்கிரமே திருப்பிவிடுங்கள்.

அப்புறம், மதுரைக்கு மூட்டைக்கு என்ன வாடகை என்று லாரி செட்டில் கேட்டு, மாதம் எத்தனை மூட்டை போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய சின்ன சரக்கு வண்டி ஒன்று வாங்கினால் கட்டுபடியாகுமா என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.