கம்பெனி பெயர் தெரியாத பழைய படகு டிரெய்லருக்கு பினாங்கில் உதிரி பாகம் கிடைக்குமா?

ஜெலுத்தோங்கில் இருக்கும் நீங்கள் கேட்டது இது: மாமா கொடுத்த ஒற்றை அச்சு அமெரிக்க டிரெய்லர், பெயர்ப்பலகை துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, இனி உதிரி பாகத்தை எங்கே தேடுவது, பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். கம்பெனி பெயரும் தேவையில்லை. டிரெய்லர் செய்கிறவர்கள் பெரும்பாலும் அடிப்பகுதி இரும்புச் சட்டத்தைத்தான் சொந்தமாகச் செய்வார்கள். பேரிங், ஸ்பிரிங், டயர், கொக்கி எல்லாம் பொதுவான அளவில் வாங்கிப் பூட்டியவை. அதனால் டிரெய்லரைத் தேடாமல் அளவைத் தேடுங்கள். பட்டர்வொர்த்தில் என் டிரெய்லரை அப்படித்தான் மீட்டெடுத்தேன்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள், அது போயிருந்தால் மற்றதற்குச் செலவு செய்வது வீண். சட்டத்தின் பெட்டிக் குழாய் (சதுரக் குழாய்) வெளியே நன்றாகத் தெரியும், ஆனால் உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரித்துவிடும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். குறுக்குக் குழாயின் அடிப்பக்கத்தையும் ஸ்பிரிங் தொங்கும் இடத்தையும் விடாமல் தட்டுங்கள். ஒட்டு போடவேண்டி வந்தால், வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் எரியும் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும்.

சட்டம் தேறினால் மறுபடி கால்வனைஸ் செய்துவிடுங்கள், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது; பெயின்ட் கடலுக்கு நிற்காது. "தம்பி, மூடிய குழாயில் ஓட்டை போடாமல் கொண்டுபோனால் கால்வனைஸ் பட்டறைக்காரன் உள்ளேயே விடமாட்டான்" என்றார் எனக்கு வெல்டிங் செய்து தந்த பிறை ஊர் அண்ணன். உருகிய துத்தநாகம் ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் குழாயையே வெடிக்க வைத்துவிடும்.

இப்போது ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடம். பழைய டிரெய்லரைச் சாலையோரத்தில் படுக்கவைப்பது பெரும்பாலும் இதுதான். ஓடிச் சூடான ஹப்பைக் கடலில் இறக்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், தேய்ந்த சீல் (தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையம்) வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பேரிங்கையும் சீலையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய பேரிங்கைத் தூக்கி எறிய வேண்டாம். மண்ணெண்ணெயில் கழுவி, உள்வளையத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நம்பர் பொறித்திருக்கும். சின்ன அமெரிக்க டிரெய்லர்களில் அடிக்கடி வருவது எல் 44649, எல் 44643. இரண்டுக்கும் வெளிவளையம் ஒன்றே, எல் 44610. பார்வைக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் முதலாவதன் துளை 26.99 மில்லிமீட்டர், இரண்டாவதன் துளை 25.4. நம்பர் அழிந்திருந்தால் அச்சை வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். கடையில் என்.டி.என். கம்பெனிப் பெட்டியைக் கொடுத்தால் நம்பருக்கு முன்னால் 4T என்று இருக்கும், அதே பேரிங்தான். வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். புது உருளை பழைய வளையத்தில் ஓடினால் சீக்கிரமே சத்தம் போடும்.

சீல் உட்காரும் இடத்தில் அச்சை நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் தண்ணீர் போகும், லேத் பட்டறையில் அதைச் சரிசெய்த பிறகே பூட்டுங்கள்.

ஸ்பிரிங்குக்கு வெளிநாட்டில் ஆர்டர் போட அவசியமே இல்லை. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் லாரி ஸ்பிரிங் செய்கிற பட்டறையில் விசாரியுங்கள். பழைய ஜோடியை அப்படியே கொண்டுபோங்கள்: கண்ணுக்குக் கண் (முனைத் துளைக்குத் துளை) நீளம், பட்டை அகலம், தடிமன், எத்தனை பட்டை, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். ஒன்று மட்டும் உடைந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

டயரில் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். படகு உட்காரும் கட்டைக்கு செங்கால் மரம் போடுங்கள், நம் ஊரில் கிடைப்பதில் அதற்கு மிஞ்சியது எனக்குத் தெரியவில்லை. லோரோங் கூலிட் சந்தையில் படகை இழுத்து ஏற்றும் வின்ச் நல்ல பழையது கண்ணில் பட்டால் வாங்கலாம், பல்லைச் சோதித்துவிட்டு.

காரோடு இணைக்கும் கொக்கியில் மட்டும் "ஏறக்குறைய" என்ற பேச்சே கூடாது. சின்ன டிரெய்லரின் அமெரிக்கக் கொக்கி பெரும்பாலும் 2 இன்ச்சோ 1⅞ இன்ச்சோ இருக்கும், அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். 2 இன்ச் கொக்கியைக் காரின் பின்னால் உள்ள 1⅞ இன்ச் பந்தில் மாட்டினால் பூட்டியது போலத் தெரியும், ஒரு மேட்டில் குதித்ததும் கழன்றுவிடும், பின்னால் வருகிறவர் கதி என்ன? கொக்கியைப் புதிதாகவே வாங்குங்கள், பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். சாலையில் இறக்கும் முன் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் பதிவு விஷயத்தையும் கேட்டுவிடுங்கள்.

ஹப்பைக் கழற்றியதும் நம்பரையோ அச்சின் அளவையோ எழுதுங்கள், எதை வாங்குவது என்று சொல்கிறேன்.