பழந்தின்னி வௌவாலால் என்ன பயன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தோட்டத்தை ஒட்டிய பெரிய மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தங்குகின்றன. பழங்களை நாசமாக்குகின்றன, நிபா நோயும் வரும் என்கிறார்கள். மரத்தையே வெட்டிவிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். இவற்றால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எதைக் கண்டாலும் கணக்குப்பிள்ளையைப் போலப் பயன் கேட்கும் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவது. ஆயினும் அண்மையில் இரவு நேரத்தில் ஓர் அத்திமரத்தடியில் நின்றதிலிருந்து இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் பதில் எழுதுகிறேன். பழத்தை அண்ணத்தோடு அழுத்திச் சாற்றை விழுங்கிவிட்டு வௌவால்கள் துப்பிய நார்ச்சக்கைகள் தரையெங்கும் கிடந்தன. அத்தியின் பொடி விதைகளோ சாற்றோடு உள்ளே போய், பறக்கும்போதே எச்சமாக விழுந்துவிடுகின்றன. பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே எச்சமிடுவதால் அவை கொண்டுவரும் விதை ஏற்கெனவே மரமிருக்கும் இடத்திலேயே விழுகிறது. காடழிந்த வெட்டவெளியை இருளில் கடந்து சென்று அங்கே விதை தூவுவது வௌவால்தான். ஆப்பிரிக்காவின் வைக்கோல்நிறப் பழந்தின்னி, சிறு விதைகளை 75 கிலோமீட்டர் வரை கொண்டுசெல்லக்கூடும் என்று கானாவில் நடந்த ஆய்வு சொல்கிறது. அந்தத் தொலைவுக்கு விதைக்க நீங்கள் எத்தனை பேருக்குக் கூலி கொடுப்பீர்கள்? மாலையில் மலரும் துரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவையும் இவையே.

நிபாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1998-99இல் மலேசியாவில், பன்றிப் பண்ணைகளை ஒட்டியே பழமரங்களை வளர்த்ததால் நோய் வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்குத் தாவி, பிறகு மனிதருக்கு வந்தது. வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள். மரத்தை வெட்டி அவற்றைக் கலைப்பது நோயைத் தடுக்காது. கூட்டம் வேறோர் இடத்துக்குப் போகும், அவ்வளவே.

கொல்லலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். தாய் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும்; அதையும் பல வாரங்கள் மார்பில் சுமந்தே பறக்கும். மொரிஷியஸ் அரசு மாம்பழத்தையும் லிச்சியையும் காக்கப்போவதாகச் சொல்லி 2015 முதல் அங்குள்ள பழந்தின்னிகளைப் பல்லாயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது. 2018இல் அந்த இனம் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

பழத்தைக் காக்க வலை கட்டுங்கள். தளர்வாகத் தொங்கும் பெரிய கண்ணி வலையில் சிக்கினால் இறக்கைச் சவ்வு கிழிந்து, விடியும்வரை துடித்துச் சாகும்; விரல் நுழையாத கண்ணியுள்ள வெள்ளை வலையை இறுக்கிக் கட்டினால் போதும். பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் கோடரியைக் கீழே வைக்கவில்லையென்றால் இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். திட்டு அவருக்கும் சேர்த்துத்தான்.