மாஸ்டரிங் படிக்க இப்போதே பணம் கட்டலாமா? தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சி, உங்கள் கடிதம் கிடைத்தது. தம்பி பிளஸ் டூ முடித்த கையோடு சென்னையில், பதிவான பாட்டுக்குக் கடைசி மெருகு போடும் மாஸ்டரிங் வேலைக்கான ஆறு மாதக் கோர்ஸில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கட்டணம் லட்சக்கணக்கில். "பாடியாச்சு, பதிவு பண்ணியாச்சு, அதுக்கு மேல என்ன வேலை?" என்று அவருடைய அப்பச்சி கேட்கிறார். நியாயமான கேள்விதான். தொழில் உண்மையானது, நல்ல தொழில். ஆனால் அந்தக் கோர்ஸுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள்.

அப்பச்சியின் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஒரு பாட்டில் குரல், வயலின், தவில் என்று ஒவ்வொன்றும் தனித்தனி டிராக்காகப் பதிவாகிறது. அவற்றை அளவு பார்த்துச் சேர்ப்பது மிக்ஸிங். அது முடிந்ததும் இடது, வலது என்று இரண்டே சேனல் உள்ள ஃபைல் கிடைக்கும். மாஸ்டரிங் செய்பவர் கைக்குப் பெரும்பாலும் அதுதான் வரும். குரலை மட்டும் தனியே பிரித்துத் தொட முடியாது. முழுப் பாட்டையும் கேட்டு, பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி, அதிகமாக இருந்தால் அரை டெசிபல், ஒரு டெசிபல் குறைப்பார். 'ஸ' ஓசை காதைக் கீறினால் தணிப்பார். ஆல்பமாக இருந்தால் ஒரு பாட்டு உரக்கவும் அடுத்தது அமுங்கியும் கேட்காதபடி சமன்செய்து, நடுவே எவ்வளவு இடைவெளி என்றும் முடிவு செய்வார். எங்காவது 'டிக்' என்று சத்தம் ஒட்டியிருந்தால் அது அவர் காதில் பட்டாக வேண்டும். அவருக்குப் பிறகு கேட்கப்போவது ரசிகர்தான். கடைசியில் சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்; சினிமாவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் என்று போகிற இடத்துக்குத் தகுந்த ஃபைல்களைத் தயார்செய்து கொடுப்பார்.

நம் பக்கத்துக்கு இது புதுசு இல்லை. காரைக்குடிக்காரரான ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வந்ததே இசைத்தட்டு வியாபாரத்திலிருந்துதான். 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோவே நடத்தினார். மாஸ்டரிங் பிறந்ததும் இசைத்தட்டில்தான். பதிவான ஒலியைத் தட்டில் பள்ளமாக வெட்டும்போது பேஸ் அளவு மீறினால் ஊசி துள்ளிவிடும். எவ்வளவு தாங்கும் என்று காதால் நிதானித்து வெட்டியவர்களின் வாரிசுகள்தான் இன்றைய மாஸ்டரிங் இன்ஜினியர்கள்.

இப்போது தம்பிக்கு. தம்பி, சத்தத்தைக் கூட்டுவதுதான் மாஸ்டரிங் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கான அளவு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் லிமிட்டரை, அதாவது உச்ச ஒலிகளை அமுக்கி மொத்த அளவை ஏற்றும் கருவியை, அழுத்தி மைனஸ் 7க்கு ஏற்றினாலும் அது இறக்கிவிடும். இழந்த உயிர்ப்பு மட்டும் திரும்பி வராது. நம்பிக்கை இல்லையென்றால் கோயில் திருவிழாவில் பதிவுசெய்த நாகஸ்வரம்-தவில் கச்சேரி ஒன்றை எடுங்கள். ஒரு பிரதியில் லிமிட்டரை நன்றாக அழுத்துங்கள். அப்புறம் இரண்டையும் லவுட்னஸ் மீட்டரில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். அழுத்திய பிரதியில் தவிலின் வலந்தலை அடி மழுங்கி, நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். அளவைச் சமன் செய்யாமல் கேட்டால் உரத்ததுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இந்த மயக்கம் தெளிவதுதான் காது பழகுவதன் முதல் படி. இதற்கு லட்சம் தேவையில்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், யூலீன் என்ற லவுட்னஸ் மீட்டர் இலவசமாகவே கிடைக்கிறது.

கோர்ஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். சுவர் கோணலாக இருந்தால் மேலே எத்தனை மழமழப்பாக முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு பூசினாலும் கோணல் போகாது. மிக்ஸ் கெட்டிருந்தால் மாஸ்டரிங்கால் சரிசெய்ய முடியாது, "திரும்ப மிக்ஸ் செய்து அனுப்புங்கள்" என்று சொல்லத்தான் முடியும். அப்படிச் சொல்லும் தகுதி ரெக்கார்டிங்கும் மிக்ஸிங்கும் சில வருடம் செய்தவருக்குத்தான் வரும். லிமிட்டர் போட்டு அளவை ஏற்றுவது மட்டும்தான் தெரியும் என்றால், அதைத் தானியங்கி மென்பொருள்களே செய்கின்றன. லேண்டர் என்ற சேவை 2014இலேயே வந்துவிட்டது.

சரி, எங்கே படிப்பது? தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம், நினைக்கும் அளவுக்குச் செலவு இல்லை. இடம் கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள் ஆச்சி. கிடைக்காவிட்டால் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) முயற்சிக்கலாம். ஒலி போன்ற சிக்னல்களைக் கணக்குப் போட்டு மாற்றும் சிக்னல் பிராசசிங் அங்கே பாடமாகவே வரும், பட்டமும் கையில் இருக்கும். அதன்பின் புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகளின் ஒலித்துறைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கெல்லாம் பட்டம் முடித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாஸ்டரிங் மட்டுமே செய்து பிழைப்பவர்கள் சென்னையிலும் சிலர்தான். பலர் மிக்ஸிங்கோடு சேர்த்துச் செய்கிறார்கள், கூலி பாட்டுக் கணக்கு. ஆரம்ப வருடங்களில் டப்பிங், லைவ் சவுண்ட், ஓடிடி தளங்களுக்கு ஒலித்தரம் சரிபார்ப்பது, பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக்குவது என்று எல்லாவற்றையும் தொட்டால்தான் மாதம் ஓடும். அப்பச்சியிடம் இதைத் தம்பியே எடுத்துச் சொல்லட்டும்.

வீட்டிலேயே பழக இடம் கேட்பார். நடு முற்றத்து வளவையோ பட்டாலைக் கூடத்தையோ கொடுக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரை, மழமழவென்ற சுவர், உயர்ந்த கூரை; கைதட்டினால் சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளதைச் சரியாகக் கேட்க முடியாது. சாமான் அறை ஒன்றை ஒழித்து, பழைய பஞ்சு மெத்தைகளைச் சுவரோரமும் குறிப்பாக மூலைகளிலும் நிறுத்துங்கள். மூலையில்தான் பேஸ் திரளும். அதை நம்பி அவர் பேஸைக் குறைத்தால், வெளியே காரில் கேட்கும்போது பாட்டு சோகையாக இருக்கும். செய்த வேலையை இயர்போன், செல்போன் ஸ்பீக்கர், கார் மூன்றிலும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் நிற்க விடாதீர்கள். காது போனால் இந்தத் தொழிலே போச்சு.

அப்படியும் அந்தக் கோர்ஸ்தான் வேண்டும் என்றால், பணம் கட்டுமுன் தம்பியோடு நீங்களும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஒரு மாணவருக்கு ஸ்டூடியோவில் தனியாக எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், அதை எழுதி வாங்குங்கள். முன்பு படித்தவர்கள் இரண்டு பேரின் போன் நம்பர் கேட்டு நீங்களே பேசுங்கள். கோர்ஸ் நடத்துபவர்கள் இதற்கெல்லாம் தயங்கினால் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். தரமணி விண்ணப்பத்துக்கான மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நகல்களை இந்த வாரமே எடுத்து வையுங்கள்.