பழைய ஜப்பானியப் பட்டுக் கிமோனோவைப் பிரித்து கவுன் தைக்க முடியுமா?

முடியும். முதலில் துணியில் வலு இருக்கிறதா பாருங்கள். தோள், பின்பக்கம் உட்காரும் இடம் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல இழுங்கள். இழை விலகினால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள்.

கிமோனோ பெரும்பாலும் கைத்தையல். வெட்டாமல் தையலைப் பிரித்தால் சுமார் 36 செ.மீ. அகல நேர்ப்பட்டைகள் கிடைக்கும். நான்கு பட்டைகளை, ஒவ்வொரு ஓரத்திலும் 1.5 செ.மீ. தையலுக்கு விட்டு இணைத்தால் சுற்றளவு 132 செ.மீ. ஏ-லைன் கவுனுக்கு இது போதும். குடைப் பாவாடை ஆசையை விட்டுவிடுங்கள். தையலுக்குள் இருந்த பகுதி வெளுக்காமல் அடர்நிறமாக இருக்கும், அது வெளியே தெரியாதபடி வெட்டுங்கள்.

பலர் கெடுப்பது துவைப்பதில்தான். சிரிமென் என்ற சுருக்குப் பட்டின் ஊடுநூல் கடுமையாக முறுக்கியது. நனைந்தால் விறுவிறுவென்று சுருங்கும், நீராவி இஸ்திரிக்கும் அதே கதி. 10 செ.மீ. துண்டை நனைத்து அளந்த பிறகே மீதியைத் தொடுங்கள். சிவப்பு உள்துணி சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தினால் தெரிந்துவிடும்.

புதிய 60 அல்லது 70 எண் ஊசி, மெல்லிய நூல், 2.5 மி.மீ. தையல் போதும். நூல் துணியைவிட உறுதியாக இருந்தால், இழுபடும்போது கிழிவது பட்டுதான். இடுப்பு, அக்குள் பகுதிகளுக்கு அடியில் மெல்லிய பருத்தித்துணி கொடுத்துத் தையுங்கள்.