களுவாஞ்சிகுடி நகரசபை: மனு யாருக்கு?

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள களுவாஞ்சிகுடியைப் பிரதேச சபையிலிருந்து பிரித்து நகரசபை ஆக்க, உள்ளூராட்சிச் சீர்திருத்த ஆணைக்குழு அமைந்தால் அதற்கு மனுக் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது.

1948ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விசாரணை ஆணைக்குழுச் சட்டப்படி இப்படியான ஆணைக்குழுவுக்கு ஜனாதிபதி ஆட்களை நியமிப்பார். நியமனப் பத்திரத்தில் உறுப்பினர் பெயர்களும் எதை ஆராய வேண்டும் என்பதும் இருக்கும். அந்த இரண்டாவது பகுதியைத்தான் முதலில் வாசியுங்கள். சபைகளின் நிதியை மட்டும் ஆராயச் சொல்லியிருந்தால் உங்கள் எல்லைக் கதையை அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் கிடைப்பது பரிந்துரைதான்.

நகரசபையை உருவாக்குவது விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர், வர்த்தமானி மூலம். மாகாண சபைக்கு மேற்பார்வை உண்டு. ஆனால் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி சபைகளின் அமைப்பும் கட்டமைப்பும் பாராளுமன்றச் சட்டத்தின் கையில். வர்த்தமானி வந்தாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது, அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதைப் பாருங்கள்: 2020 பெப்ரவரியில் தனிச் சபைக்கு வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

சரி, மனுவை அமைச்சுக்கே அனுப்புங்கள், பிரதி மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கு. கையெழுத்து எத்தனை என்பதைவிட, எந்தெந்தக் கிராம சேவகர் பிரிவுகள், அவற்றின் சனத்தொகை, சோலைவரியும் (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) சந்தைக் குத்தகையும் எவ்வளவு தரும் என்பதுதான் எடுபடும். பிரிந்த பிறகு மிஞ்சும் பிரதேச சபை எதை வைத்துப் பிழைக்கும் என்றும் எழுதுங்கள். எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும்.