பிரியாணியில் புழு, தம்பிக்கு ஐம்பது இலட்சக் கடிதம்

கேள்வி: நல்லூர்த் திருவிழா முடிந்து வீட்டில் மச்சச் சாப்பாடு தொடங்கிய பிறகு, ஓகஸ்ட் 30ஆம் திகதி சனிக்கிழமை இரவு, கனடாவிலிருந்து வந்திருந்த அக்கா குடும்பத்தோடு ஏழு பேராக யாழ். நகரில் ஒரு ஏ.சி. உணவகத்துக்குப் போனோம். சாப்பாடு வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் பக்கத்து மேசையில் இருந்து எழும்பிப் போனவர்கள் மிச்சம் விட்ட றோல்ஸ் தட்டை அப்படியே தூக்கி எங்கள் மேசையில் வைத்தார்கள். மட்டன் பிரியாணி வந்தது. பாதி சாப்பிட்ட பிறகு என் மகனின் கோப்பையில் வெள்ளைப் புழு. காசாளரிடம் சொன்னால், "அது சோறு, வடிவாப் பாருங்கோ" என்றார். பில் 19,470 ரூபா. அதில் 10 வீதம் சேவைக் கட்டணம், கையால் எழுதிய 18 வீத 'டக்ஸ்'. கட்ட மாட்டோம் என்றதும் தம்பியின் அடையாள அட்டையை வாங்கி லாச்சிக்குள் வைத்துக்கொண்டு, முழுக் காசும் கார்டில் கட்டிய பிறகுதான் தந்தார்கள். அன்றிரவே என் இரண்டு பிள்ளைகளுக்கும் அக்காவுக்கும் வாந்தி, வயிற்றோட்டம். பிள்ளைகளை வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டி வந்தது. கோபத்தில் தம்பி படத்துடன் முகநூலில் எழுதினான். இப்போது கடைக்காரரின் சட்டத்தரணி, 14 நாளுக்குள் பதிவை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, ஐம்பது இலட்சம் ரூபா தர வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?
(கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, நீங்கள் பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கோரிக்கைக் கடிதம் வழக்கு அல்ல. நீதிமன்றம் இன்னும் இதற்குள் வரவேயில்லை. அதில் எத்தனை பூச்சியம் வேண்டுமானாலும் போடலாம், அதற்காக முத்திரைச் செலவு ஏறாது. அதற்காக அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடவும் கூடாது. ஒருவர் இப்படி இப்படி நடந்தது என்று வியாபார விடயமாகக் கடிதம் எழுதி, மற்றவர் அதை மறுக்காமல் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் அவருக்கு எதிராகவே எடுக்கப்படலாம் என்று நம் நீதிமன்றங்கள் சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கின் காலத்திலிருந்து சொல்லி வருகின்றன. எனவே 14 நாள் முடிய முன்னர், சட்டத்தரணி ஒருவர் மூலம் பதில் போக வேண்டும். ஒரு பக்கம் போதும்.

இனி அவதூறு. 2002ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து குற்றவியல் அவதூறை எடுத்துவிட்டார்கள். ஆகவே இதற்காகத் தம்பியைப் பொலிஸ் பிடித்துப் போகாது. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் அந்தக் கடிதத்தில் இழுத்திருக்கிறார்கள். அது பொய் என்று தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லும் கூற்றைப் பற்றியது. நல்லெண்ணத்தோடு சொல்லும் எச்சரிக்கையையும் அபிப்பிராயத்தையும் அதன் வரைவிலக்கணமே வெளியில் விட்டிருக்கிறது. மிஞ்சுவது குடியியல் வழக்கு, நட்டஈடு கேட்டு. அங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். உரோமன் டச்சுச் சட்டத்தில் உண்மை என்பது மட்டும் போதாது. சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொன்னதால் பொதுமக்களுக்கு நன்மையும் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கடைப் பிரியாணியில் புழு கிடந்தது என்று ஊருக்குச் சொல்வதில் பொதுநன்மை இல்லை என்று எந்த நீதிபதியும் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய பதிவைக் கடைசி வரை வாசித்தேன். முதல் நான்கு வரியும் தங்கம்: திகதி, நேரம், என்ன கேட்டோம், என்ன வந்தது, காசாளர் என்ன சொன்னார். ஐந்தாவது வரியில் தம்பி, "இவங்கள் போடுறது ஆட்டிறைச்சியே இல்லை" என்கிறார். ஆறாவதில், கடை எந்தக் காசில் திறந்தது என்று ஒரு ஊகம். இந்த இரண்டையும் அவர் எப்படி நிரூபிப்பார்? இறைச்சியை யாராவது பரிசோதித்தீர்களா? எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அந்த நான்கு வரியும் தேவையில்லை. இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டே அவர் வழக்குப் போடுவார். ஆகவே முதலில் முழுப் பதிவையும் பின்னூட்டங்களோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இரண்டு வரியை மட்டும் நீக்குங்கள். மிச்சம் நிற்கட்டும். புழுவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ஓகஸ்ட் 30இலிருந்து இன்றுவரை ஆயிரம் பேர் அந்தப் பதிவைப் பகிர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு முறைப்பாடு கூட எந்த அலுவலகத்துக்கும் எழுத்தில் போகவில்லை. நம் ஊரில் இதுவே வழக்கமாகிவிட்டது. முகநூலில் போட்டால் அலுவல் முடிந்தது என்று நினைக்கிறோம். அன்றிரவே மாநகர சபையின் பொது சுகாதாரப் பரிசோதகருக்கு, அதுதான் நாம் சொல்லும் பீ.எச்.ஐ.க்கு, ஒரு அழைப்பு எடுத்திருந்தால், மறுநாள் காலை அவர் அந்தச் சமையலறைக்குள் நின்றிருப்பார். 1980இன் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி உள்ளே போய்ப் பார்க்கவும், மாதிரி எடுக்கவும், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. யாழ். நீதவான் நீதிமன்றத்தில் சாப்பாட்டுக்கடைகளுக்குத் தண்டம் விதிப்பதும், திருத்தும்வரை சீல் வைப்பதும் அடிக்கடி நடக்கிற விடயம். நீங்கள் பார்த்த புழு இப்போது இல்லை. என்றாலும் முறைப்பாட்டைக் கொடுங்கள். ஒருமுறை கைமாறிய றோல்ஸ் தட்டு அந்தக் கடையில் நாளைக்கும் கைமாறும், அதைப் பரிசோதகர் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

வைத்தியசாலை விடயத்தில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. உணவு நஞ்சாதல் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. பிள்ளைகளை விடுதியில் அனுமதித்தபோது வைத்தியர் அப்படிச் சந்தேகித்து எழுதியிருந்தால், அந்தத் தகவல் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போயிருக்க வேண்டும். வெளியேறும்போது தந்த நோய் நிர்ணய அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு பணிமனையில் என்ன செய்தார்கள், கடையைப் பார்த்தார்களா என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும். அக்கா கனடியப் பிரஜையாக மட்டும் இருந்தால் அவரால் கேட்க முடியாது, உங்கள் பெயரில் கேளுங்கள்.

இப்போது காசு. பீ.எச்.ஐ. போடும் வழக்கில் விதிக்கும் தண்டப்பணம் உங்கள் கைக்கு வராது. உங்களுக்குக் காசு திரும்ப வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 2003இன் 9ஆம் இலக்கச் சட்டம். தொலைபேசி 1977. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நிற்க வேண்டாம். 13ஆம் பிரிவின் கீழ் நட்டஈடோ காசைத் திருப்பிக் கொடுப்பதோ கட்டளையிட வேண்டுமென்றால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு நவம்பர் 29 வரை. அதை நவம்பர் 28 ஆக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முறைப்பாட்டில் என்ன எழுதுவது? எல்லோரும் புழுவைத்தான் எழுதுவார்கள். அக்கா எடுத்த படத்தில் எனக்குப் பிடித்தது புழு இல்லை, ஓரத்தில் நிற்கிற தண்ணீர்ப் போத்தல். அரை லீற்றர். பெரிதாக்கிப் பார்த்தால் லேபலில் 70 ரூபா என்று தெரிகிறது. பில்லில் நாலு போத்தல், ஒன்று 150 ரூபா. போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வர்த்தமானி மூலம் உச்ச சில்லறை விலை இருக்கிறது: அரை லீற்றருக்கு 70, ஒரு லீற்றருக்கு 100 ரூபா. உங்களிடம் கூட எடுத்தது 320 ரூபாதான். ஆனால் 2021இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, உச்ச விலையை மீறினால் தனியாள் வியாபாரத்துக்கு ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை தண்டம். கம்பனியென்றால் ஐந்து இலட்சத்தில் தொடங்கி ஐம்பது இலட்சம். தம்பியிடம் கேட்கும் அதே ஐம்பது இலட்சம்! புழுவா சோறா என்று நாள் முழுக்க வாதாடலாம். 70க்கும் 150க்கும் நடுவில் வாதாட ஒன்றுமில்லை. நான் உங்களுக்காக ஆஜரானால் இதை முதல் பந்தியில் வைப்பேன்.

சேவைக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெனு அட்டையிலோ சுவரிலோ, நீங்கள் ஓடர் கொடுக்க முன்னர் கண்ணில் படும்படி 10 வீதம் என்று போட்டிருந்தால், அதை ஒத்துக்கொண்டுதான் சாப்பிட்டீர்கள் என்று அவர்கள் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கும். எங்கேயும் சொல்லாமல் பில்லில் மட்டும் வந்தால் அது ஏமாற்றும் நடத்தை, 30ஆம் பிரிவுக்குள் வரும். சேவைக்குக் கட்டணம் எடுக்கிறவர்கள் 32ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும்: சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வோம் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அடுத்தவர் தொட்டு வைத்த றோல்ஸை நீட்டுவது எந்தச் சேவை?

'டக்ஸ்' அதைவிட மோசம். 15,000 ரூபா சாப்பாட்டுக்கு 1,500 சேவைக் கட்டணம், பிறகு அந்த 16,500க்கு 18 வீதம், 2,970 ரூபா. கணக்குச் சரி. 18 வீதம் என்பதும் 2024 ஜனவரியிலிருந்து வற் வரியின் வீதம்தான். ஆனால் வற் வரிக்குப் பதிவு செய்யாத ஒருவர் அதை வாடிக்கையாளரிடம் அறவிட முடியாது. பில்லில் பதிவு இலக்கம் ஒன்றையும் காணவில்லை. பதிவு இருக்கிறதா என்று கடைக்கு எழுதும் பதில் கடிதத்திலேயே கேட்போம். இல்லையென்றால் அடுத்த பிரதி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போகும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இப்படி ஒரு வரியைக் கண்டதும் ஐம்பது இலட்சத்தை மறந்துபோன கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடையாள அட்டையை லாச்சியில் வைத்தது பெரிய பிழை. பில்லில் தகராறு என்றால் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் வாங்கிக்கொண்டு விட வேண்டும், பிறகு கடனுக்கு வழக்குப் போடலாம். ஒருவரைப் போக விடாமல் மறிப்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். இதற்குத் தனியாகப் பொலிஸில் முறையிடலாம்தான். ஆனால் நான் இப்போதைக்கு அதைப் பதில் கடிதத்தில் மட்டும் எழுதி வைப்பேன். இரண்டு பக்கமும் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்தால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். இன்னொன்று: காசைக் கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது. இனிமேல் எங்காவது இப்படி நடந்தால், 'எதிர்ப்புத் தெரிவித்தே செலுத்துகிறேன்' என்று பில்லின் அடியில் எழுதி, கையெழுத்து வைத்துப் படம் எடுங்கள்.

வைத்தியச் செலவு, பிள்ளைகள் பட்ட வேதனை இவற்றுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. போடச் சொல்லமாட்டேன். 19,470 ரூபாவும் தனியார் மருந்தகத்தில் கொடுத்த காசும் சேர்ந்தாலும், வழக்குக்கு அலைகிற ஓட்டோக் கூலிக்குக் காணாது. ஆனால் தம்பி மேல் அவர்கள் வழக்குப் போட்டால், இதை அவருடைய எதிர்வாதத்துக்கு ஆதாரமாக வைக்கலாம். அதற்காகச் சாட்சியங்களை இப்போதே சேர்க்க வேண்டும்.

படம் உங்களிடம் வட்ஸ்அப்பில் வந்ததுதான் இருக்கிறது. எடுத்த நேரம் போன்ற விபரங்கள் அதில் கழன்றுபோயிருக்கும். மூலப்படம் அக்காவின் கைத்தொலைபேசியில், ரொறன்ரோவில். அதை அழிக்க வேண்டாம், அந்தப் போனை மாற்றவும் வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவர் ஒரு சத்தியக்கடதாசி முடித்து அனுப்பலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஓரமாகச் சொன்ன ஒரு விடயம். உணவகத்திலிருந்து இறங்கி, நல்லூரில் எல்லோரும் ஐஸ்கிறீம் குடித்துவிட்டுத்தான் வீடு போனீர்கள். எதிர்த்தரப்பு இதைக் கண்டுபிடித்தால், வாந்திக்குக் காரணம் ஐஸ்கிறீம்தான் என்று சொல்லும். ஆனால் உங்கள் அம்மா மச்சம் சாப்பிடுவதில்லை, கடையில் ஒரு பிளேன்ரீ மட்டும் குடித்தார், ஐஸ்கிறீம் மட்டும் உங்களோடு சேர்ந்து குடித்தார், அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தரணியிடம் போகும்போது பில், கார்டுத் துண்டு, நோய் நிர்ணய அட்டை, வந்த கடிதத்தின் உறை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.